எதிரில் இல்லாதவருக்கு ஒரு புத்தகம்

1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் ஒரு புத்தகம் அச்சாகி வெளிவந்தது. பெயர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. மொழி தெலுங்கு. ஏறத்தாழ 1700 பக்கம். எழுதியவர் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்வான் சுப்பராம தீட்சிதர், அச்சிட்டது அதே ஊரின் வித்யா விலாசினி அச்சுக்கூடம், செலவு அரண்மனையுடையது. கர்நாடக இசையின் வரலாற்றை எழுத உட்காருகிற எவரும் இந்த நூலைத் தொடாமல் தாண்ட முடியாது. ஆனால் கோவில்பட்டி வட்டாரத்தின் பெருமைகளைச் சொல்லத் தொடங்குபவர்கள் தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி, இடைசெவல் தந்த இரண்டு எழுத்தாளர்கள் என்று அடுக்கிக்கொண்டு போய், எட்டயபுரம் வந்ததும் பாரதி பிறந்த வீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது நியாயமான பெருமைதான். என்றாலும், இந்தக் கரிசல் பூமியில் ‘இவ்வளவு போதும்’ என்று விட்டுவிடாமல் ஒரு வேலையைக் கடைசி வரை கொண்டுபோனதற்கு எழுத்தில் சாட்சி வேண்டுமென்றால் முதலில் எடுக்க வேண்டியது அந்தத் தெலுங்குப் புத்தகத்தைத்தான். அறுபத்தைந்து வயதுக் கிழவர் ஒருவர், எத்தனையோ இடங்களில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அதற்குக் காரணம் அவருடைய விடாப்பிடிக் குணம் மட்டும்தானா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. யாருக்காக வேலை செய்கிறோம் என்ற கணக்கை அவர் மாற்றிக்கொண்டார். கணக்கு மாறியதும் எது ‘போதும்’ என்பதும் மாறிவிட்டது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் கடைசிக் காலத்தில் எட்டயபுரம் வந்து, 1835இல் இங்கேயே காலமானார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இங்கே சமஸ்தான வித்வானாக இருந்ததுதான் வந்ததற்குக் காரணம். வெள்ளைக்காரர்களின் பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் அந்தத் தம்பி. அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் சுப்பராமர். பிறந்தது 1839இல். தாத்தா பேரனையே தத்து எடுத்துக்கொண்டு தம் வித்தையை இறக்கிவைத்தார். தெலுங்கும் வடமொழி அலங்கார சாஸ்திரமும் சொல்லிக்கொடுத்தவர் விளாத்திகுளம் கிருஷ்ணமாச்சாரியார். இந்த வருடங்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் மறைந்து நான்கு ஆண்டு கழித்துப் பிறந்தவர் சுப்பராமர். யாருடைய கீர்த்தனைகளைக் காப்பாற்றினார் என்பதற்காக உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறதோ, அவருடைய குரலை அவர் கேட்டதே இல்லை. கேட்டவரான பாலுசுவாமி 1858இல் போய்விட்டார். அப்போது சுப்பராமருக்குப் பத்தொன்பது வயது. தம் குடும்பச் சொத்தையே அவர் இன்னொருவர் வழியாகத்தான் பெற்றார். நடுவில் இருந்த அந்த ஒருவர் பத்து வருடம் முந்திப் போயிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை அவரைவிடத் தெரிந்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

பதினேழு வயதில் அவர் தர்பார் ராகத்தில் ஒரு தான வர்ணம் செய்து அரசவையில் பாடிக்காட்டினார் என்றும், தாத்தா செய்துகொடுத்ததைப் பையன் பாடுகிறானோ என்று மன்னருக்கு ஐயம் வந்து, யமுனா ராகத்தில் புதிதாக ஒன்று செய்யச் சொல்லிச் சோதித்தார் என்றும் அவருடைய வரலாறு சொல்கிறது. பாடினது நன்றாக இருந்தது என்று சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடுகிற சபை இல்லை அது. கேட்பவருக்கு விஷயம் தெரியும். தெரிந்ததனால் ஐயம் வந்தது. ஒரு ஆள் தன் தொழிலில் உயர்வதற்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஞானமும் ஒரு காரணம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அரசவைச் சோதனை ஒரு எல்லைக்குள் அடங்கிவிடும். மன்னரும் சபையும் திருப்திப்பட்டால் வேலை முடிந்தது. பத்தொன்பது வயதில் ஆஸ்தான வித்வான் பதவி கிடைத்தது. அதோடு நாற்பது வருடம் கௌரவமாக ஓட்டியிருக்கலாம். ஏறக்குறைய அப்படித்தான் ஓடியும் இருக்கிறது. பாட்டுகள் குடும்பத்துக்குள்ளும் சீடர்களிடமும் இருந்தன. வீட்டுப் பாடாந்தரத்தை வெளியே விடாமல் பொத்திவைப்பது அன்றைய வித்வான்களின் பொது வழக்கம். சுப்பராமரும் விலக்கு இல்லை.

கணக்கை மாற்றியவர் வெளியிலிருந்து வந்தார். சின்னசுவாமி முதலியார் சென்னையில் அரசு உத்தியோகம் பார்த்த எம்.ஏ. பட்டதாரி, கிறிஸ்தவர். நம் சங்கீதத்தை ஐரோப்பியக் கோட்டுக் குறிமுறையில் எழுதினால் உலகம் முழுவதும் படிக்கும் என்ற நம்பிக்கையோடு 1892, 93 வாக்கில் தியாகராஜர் கீர்த்தனைகளை அச்சில் கொண்டுவந்தவர். இந்த உழைப்பில் கண்பார்வையை இழந்தவர். முத்துசுவாமி தீட்சிதர் உருப்படிகளின் திருந்திய பாடம் எட்டயபுரத்தில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். 1899இல் புதிய மன்னர் வெங்கடேசுவர எட்டப்பரின் பட்டாபிஷேகத்தை ஒட்டி வந்தவர், இந்தச் செல்வம் ஒரு கிழவரோடு அழிந்துவிடக் கூடாது, அச்சிட ஆணையிட வேண்டும் என்று மன்னரிடமே விண்ணப்பித்தார். மன்னர் ஒப்புக்கொண்டார். அரண்மனைக்கு எந்த வகையிலும் கட்டுப்படாத, தீட்சிதர் குடும்பத்துக்குச் சீடரும் அல்லாத ஒருவர், இன்னும் பிறக்காதவர்களின் சார்பில் வந்து கேட்டார். சுப்பராமரின் வேலை இங்கேதான் தலைகீழாகிறது. அதுவரை அவர் பாடியதும் சொல்லிக்கொடுத்ததும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு. இனி எழுதப்போவது அவர் பார்க்கவே போகாத ஒருவருக்கு.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்குத் தோடி ராகத்தின் காந்தாரம் ஒன்று போதும். தாளில் அது ‘க’ என்ற ஒற்றை எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்து ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்தினால் வருவது தோடி இல்லை. பாடகர் அந்தக் காந்தாரத்தில் நிலைத்து நிற்பதே அபூர்வம். கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்திமத்தின் பக்கமும் குரல் ஆடுகிற ஆட்டத்துக்குத்தான் அங்கே காந்தாரம் என்று பெயர். குருவுக்கு எதிரே உட்கார்ந்த சீடனுக்கு ‘க’ என்று எழுதிக்கொடுத்தால் போதும். காதில் ஏற்கெனவே ராகம் இருக்கிறது. எழுத்து வெறும் ஞாபகக் குறிப்பு. அந்தக் காலத்து ஸ்வர நோட்டுகள் எல்லாம் அப்படிப்பட்டவைதான். ஸ, ரி, க, ம என்று எழுத்து, நீளத்துக்கு நெடில், மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் புள்ளி, காலத்துக்குக் கோடு. உபயோகத்தில் அவற்றில் குறையே இல்லை. தெரிந்தவர் தெரிந்தவருக்கு எழுதுகிற கடிதத்தில் முகவரி எதற்கு? ஆனால் நூறு வருடம் கழித்து, குரு பரம்பரை அறுந்த ஓர் ஊரில் அந்தத் தாளைப் பிரிப்பவருக்கு ‘க’ என்ற எழுத்து எதையும் சொல்லாது. தப்பாகவும் சொல்லும்.

சுப்பராமர் செய்தது இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் அது எப்படி அசைய வேண்டும் என்பதற்குக் குறி போட்டார். கம்பிதத்துக்கு நெளிகோடு. ஒரு ஸ்வரத்திலிருந்து மேலே வழுக்கி ஏறினால் ஏற்ற ஜாருவுக்கு ஒரு சாய்கோடு. இறங்கினால் இறக்க ஜாருவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி, அது புரண்டால் பிரத்யாகதம். வளிக்கு ஒரு வில். ஒதுக்கலுக்குப் பெருக்கல் குறி. இவை தவிர நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒரிகை. பெயர்களில் பாதி வீணைக்காரர்களின் வாயில் புழங்கியவை. தெலுங்குப் புத்தகத்துக்குள் தமிழ் மணத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. பெயரைச் சொல்லி விட்டுவிடாமல், வீணையில் தந்தியை எப்படி இழுத்தால் அல்லது ஒதுக்கினால் அந்த அசைவு பிறக்கும், குரலில் அது எப்படி வரும் என்று முன்பகுதியில் விளக்கியும் இருக்கிறார். இதை அச்சில் கொண்டுவருவது என்ன பாடு என்பது ஈய எழுத்துக் கோத்த தலைமுறைக்குத்தான் தெரியும். சாதாரணத் தெலுங்கு எழுத்துப் பெட்டியில் நெளிகோடும் வில்லும் இருக்காது. ஒரு வரி சாகித்யம், அதற்கு மேலே ஸ்வரம், அதற்கும் மேலே குறி என்று மூன்று அடுக்கை எழுத்துக்கு எழுத்து நேராக நிறுத்த வேண்டும். ஒரு குறி அரை விரல் தள்ளிப்போனால் அசைவு பக்கத்து ஸ்வரத்துக்குப் போய்விடும், ராகம் கெட்டுவிடும். சென்னையிலோ தஞ்சாவூரிலோ அல்ல, சுற்றிலும் மானாவாரி வெள்ளாமை பார்க்கும் ஊர்களுக்கு நடுவில், ஒரு ஜமீன் அச்சுக்கூடத்தில் இதைச் செய்திருக்கிறார்கள்.

நூலின் அமைப்பிலும் அதே பிடிவாதம். வேங்கடமகி மரபின் எழுபத்திரண்டு மேளங்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு ராகத்துக்கும் லட்சண சுலோகம், ஏறுவரிசை இறங்குவரிசை, எந்தப் பிடிகளில் ராகத்தின் உயிர் இருக்கிறது என்ற விளக்கம், பிறகு பழைய கீதம், தானம், கீர்த்தனை, கடைசியில் அவரே இயற்றிய சஞ்சாரி. முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகள் மட்டும் 229. யாரும் பாடாத, பாடினாலும் கேட்க ஆள் இல்லாத ராகங்களையும் அவர் விடவில்லை. அவற்றுக்கும் உட்கார்ந்து சஞ்சாரி எழுதியிருக்கிறார். போதாததற்கு, எழுபதுக்கும் மேற்பட்ட இசைவாணர்களின் வாழ்க்கைக் குறிப்புகள். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடகர்கள் பலரைப் பற்றி நமக்குத் தெரிந்தது எல்லாம் அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்குகிறது. தம் குடும்பத்தின் கீர்த்தனைகளை மட்டும் அச்சிட்டிருந்தாலே சின்னசுவாமி முதலியார் கேட்டது நிறைவேறியிருக்கும், மன்னரும் மகிழ்ந்திருப்பார். அந்த நூறு, இருநூறு பக்கப் புத்தகத்தையும் நாம் இன்று கொண்டாடிக்கொண்டுதான் இருப்போம்.

‘எழுத்தில் சங்கீதம் நிற்குமா?’ என்பது முதல் மறுப்பு, லேசானதும் அல்ல. இதே கரிசலில் அதற்குப் பெரிய சாட்சியே இருக்கிறது. விளாத்திகுளம் சுவாமிகள் என்று அழைக்கப்பட்ட நல்லப்ப சுவாமிகள் 1889இல் பிறந்து 1965 வரை வாழ்ந்தவர். ஜமீன் குடும்பத்துக்காரர். சாகித்யம் இல்லாமல் ராகத்தை மட்டும் ஆலாபனை செய்வதில் அவரை மிஞ்சியவர் இல்லை என்று கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். சபைக் கச்சேரி, பட்டம், பணம் எதற்கும் அவர் போய் நிற்கவில்லை. அவர் புத்தகம் எழுதவில்லை. ஸ்வரப்படுத்தி எதையும் விட்டுப்போகவில்லை. உயர்வு என்பது அந்த நேரத்தில், அந்தத் தொண்டையில் நிகழ்வது, தாளில் பிடிக்கப்போனால் செத்த வண்ணத்துப்பூச்சிதான் கிடைக்கும் என்பவர்களுக்கு சுவாமிகள் நல்ல ஆதாரம். அந்த உயர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இன்று அவரைப் பற்றிப் பேச நமக்குக் கையில் இருப்பது என்ன? கேட்டவர்களின் வியப்பு. அந்த வியப்பை வைத்துக்கொண்டு ஒரு பிடியைக்கூடத் திரும்பப் பாட முடியாது. சுப்பராமரின் குறிகளை வைத்துக்கொண்டு, ராகம் பழகிய ஒருவர், 1904இல் எட்டயபுரத்தில் ஒரு பிடி எங்கே வளைந்தது, எங்கே வழுக்கியது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். முழுதும் அல்ல. தாள் குரல் ஆகாது என்பது ஐம்பது வருடம் பாடிய மனிதருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும், பிடிக்க முடிந்த அளவு பிடித்தாக வேண்டும் என்று நினைத்தார். ‘முழுதாக முடியாது, ஆகவே சுமாராகப் போதும்’ என்ற வாதத்தில் உள்ள ஓட்டை அதுதான். முழுமைக்கும் சுமாருக்கும் நடுவில் எவ்வளவோ தூரம் இருக்கிறது; அந்தத் தூரத்தை நடந்து காட்டியிருக்கிறார்.

இதையெல்லாம் தனி மனிதரின் மேன்மை என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதே ஆண்டுகளில் அதே மண்ணில் நடந்த இன்னொரு கதையே தயக்கத்துக்குக் காரணம். 1901இல், எட்டயபுரத்தில் புத்தக வேலை நடந்துகொண்டிருந்த நேரம், கோவில்பட்டியில் அரசாங்கம் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றைத் தொடங்கியது. முக்கிய வேலை பருத்தி. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய திருநெல்வேலிப் பருத்திக்கு வெளியே நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொடுத்தது கருங்கண்ணி ரகம். ஆனால் காட்டில் புளிச்சை என்ற மட்டரகமும் கலந்து விளைந்தது. அதன் இழை குட்டை, முரடு. ஆனால் விதை நீக்கினால் கருங்கண்ணியைவிடக் கூடுதல் பஞ்சு தேறும். எடைக்குத்தான் காசு என்னும்போது சம்சாரி எதை விதைப்பார்? வியாபாரி எதைக் கலப்பார்? புளிச்சையைத் தடுக்க 1932இல் சென்னை மாகாணத்தில் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டமே போட வேண்டியிருந்தது. இதைக் கரிசல் விவசாயியின் சோம்பல் என்றோ நேர்மைக் குறைவு என்றோ சொல்வது அநியாயம். மழையை நம்பி, கடனை வாங்கி விதைப்பவர் அவர். தூரத்து ஆலையில் அந்த இழையை நூற்பவருக்கு இவர் முகம் தெரியாது, இவருக்கும் அவர் முகம் தெரியாது. நடுவில் இருந்த தராசுக்கு இழையின் நீளம் தெரியாது. நல்லதைச் செய்பவருக்கும் சுமாராகச் செய்பவருக்கும் ஒரே கூலி கிடைக்கும் இடத்தில் ‘போதும்’ என்பதுதான் புத்திசாலித்தனமான முடிவு. சுப்பராம தீட்சிதரும் முகம் தெரியாதவருக்குத்தான் வேலை செய்தார். ஆனால் அவருக்கு வாய்த்த தராசு வேறு. வித்தியாசம் தெரிந்த மன்னரும், அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த சின்னசுவாமி முதலியாரும் அவருக்குக் கிடைத்தார்கள். சம்சாரிக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. ஆராய்ச்சிப் பண்ணை தேர்ந்தெடுத்த சுத்தமான கருங்கண்ணி விதையைக் கொடுத்ததும், சட்டம் வந்ததும், அவருடைய நல்ல வேலைக்கும் ஒரு விலை வைக்கச் செய்த தாமதமான முயற்சிகள்.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. இவ்வளவு நுணுக்கம் யாருக்கு உதவியது? அந்தக் காலத்தில் சென்னையில் தச்சூர் சிங்காராசாருலு சகோதரர்கள் வெளியிட்ட எளிய ஸ்வரப் புத்தகங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. பிரதர்சினியோ நூலகத்தில் தூங்கியது. இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு வடக்கே இருக்கிறது. பம்பாய் வக்கீல் விஷ்ணு நாராயண் பாத்கண்டே 1904இல் தெற்கே சுற்றி வந்தபோது எட்டயபுரத்துக்கே வந்து சுப்பராம தீட்சிதரைப் பார்த்தார். அவர் மேல் பெரிய மதிப்போடு திரும்பினார். வேங்கடமகியின் எழுபத்திரண்டு மேளத் திட்டத்தைப் பற்றி யோசித்து யோசித்து, இந்துஸ்தானி ராகங்களைப் பத்து தாட்களில் அடக்கினார். பிறகு ஆறு தொகுதிகளில் பாட்டுகளை வெளியிட்டபோது அவர் கையாண்ட குறிமுறை மிக எளியது. எட்டயபுரத்தில் பார்த்த அந்த நுணுக்கக் குறிகள் அதில் இல்லை. அந்த எளிய முறைதான் வடநாட்டு இசைப்பள்ளிகள் பலவற்றிலும் பரவியது. ஆகவே சுமாரானதுதான் வென்றது என்று ஒருவர் சொன்னால் எனக்கு முழு மறுப்பு இல்லை. பள்ளிக்கூடத்துக்கு எளிமை வேண்டும். சுப்பராமருக்கும் அது தெரிந்திருந்தது. 1905இல் ‘பிரதமாப்யாச புஸ்தகமு’ என்று ஆரம்பப் பாடநூல் ஒன்றை அவரே எழுதி வெளியிட்டார். கவனிக்க வேண்டியது வரிசை. பெரிய நூலை முதலில் முடித்துவிட்டு, அதிலிருந்து சின்னதை இறக்கினார். எளிய நூலிலிருந்து நுணுக்கத்தை யாராலும் திரும்பக் கட்ட முடியாது. நுணுக்கமான நூலிலிருந்து எளியதை யாரும் எப்போதும் எடுத்துக்கொள்ளலாம். பரவுவது எளிய நூலாகவே இருக்கட்டும். தகராறு வந்தால் எல்லாரும் போய்த் திறக்கும் ஒரு நூல் எங்காவது இருக்க வேண்டும்.

தகராறு வந்தும் இருக்கிறது. மேடையில் இன்று நாம் கேட்கும் ‘வாதாபி கணபதிம்’, அடுக்கடுக்கான சங்கதிகளோடு வளர்ந்த வடிவம். பிரதர்சினியில் இருப்பது அதைவிட அடக்கமானது. தீட்சிதர் கீர்த்தனைகளின் ராகங்களே பலவற்றில் வழக்கத்துக்கும் நூலுக்கும் இடையே வேறுபாடு உண்டு. எது சரி என்பதில் வித்வான்கள் ஒரு நூற்றாண்டாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். பாடகர் தமக்குப் பிடித்ததைப் பாடட்டும், அது அவர் உரிமை. ஆனால் ‘பழைய பாடம் இதுதான்’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாதபடி அந்த 1700 பக்கம் குறுக்கே நிற்கிறது.

அந்த நூலிலும் பிழை உண்டு. ராக லட்சண சுலோகங்களை அவர் வேங்கடமகியின் பெயரில் கொடுத்தார். பதினேழாம் நூற்றாண்டின் ‘சதுர்தண்டி பிரகாசிகை’யோடு ஒப்பிட்ட பிற்கால ஆய்வாளர்கள், அவை வேங்கடமகி எழுதியவை அல்ல, அவருடைய மரபில் பின்னால் வந்த ஒருவருடையவை என்று கண்டார்கள். குடும்பத்தில் கேட்டதை அப்படியே நம்பிவிட்டார் என்று கொள்ளலாம். உயர்ந்த வேலை என்றால் பிழையே இருக்காது என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. சுலோகத்தை முழுசாக அச்சிட்டு, இன்னாருடையது என்று பெயரும் போட்டதனால்தான் பிழை பிடிபட்டது. ‘பெரியவர்கள் சொல்வார்கள்’ என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போயிருந்தால் யாரும் எதையும் சரிபார்த்திருக்க முடியாது, அவர் பெயரும் பழுதில்லாமல் இருந்திருக்கும். சோதிப்பவர் கையில் தம்மையே பிடித்துக்கொடுக்கும் அளவுக்குத் திறந்து வைப்பதும் அந்த ஒழுக்கத்தில் சேர்ந்ததுதான்.

இன்னும் ஒரு மறுப்பு மிஞ்சுகிறது. எனக்கு மிகவும் கனமாகப் படுவது அதுதான். அரண்மனைப் பணம் எங்கிருந்து வந்தது? கம்பும் சோளமும் பருத்தியும் விளைவித்த குடியானவர் கட்டிய தீர்வையிலிருந்து. அவர் வீட்டில் தெலுங்கு பேசியிருக்கலாம், தமிழ் பேசியிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் இந்தப் புத்தகம் அவர் கைக்கு வரப்போவதில்லை. வந்தாலும் அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க அன்றைய சங்கீத உலகம் தயாராக இல்லை. உன்னதம் என்று நாம் கொண்டாடுவது அடுத்தவர் வயிற்றை ஒட்டவைத்து எழுந்தது என்று ஒருவர் சொன்னால், ‘புத்தகம் நன்றாக இருக்கிறதே’ என்பது அதற்குப் பதில் ஆகாது. நூலின் தரம் தீர்வையை நியாயப்படுத்தாது. ஆனால் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே வகைப் பணம் எத்தனையோ ஜமீன்களில் வேட்டையிலும் வழக்கிலும் வாணவேடிக்கையிலும் கரைந்தது. எட்டயபுரத்திலும் கரைந்திருக்கும். கரையாமல் மிஞ்சி, ஒரு குடும்பத்தின் பெட்டியிலிருந்து வெளியே வந்து, காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம் என்று ஆன ஒன்று இந்த நூல். பொத்திவைத்ததைப் பொதுவில் வைத்தது அன்றைய நிலையில் சின்ன விஷயம் இல்லை.

அரண்மனையின் அந்த வருடங்களை உள்ளிருந்து பார்த்த இன்னொருவரும் இருந்தார். 1882இல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, காசியிலிருந்து திரும்பி, 1904இல் மதுரை சேதுபதி பள்ளிக்குப் போகும்வரை சமஸ்தானத்தில்தான் இருந்தார். அவர் வேலை பார்த்த அதே ஊரில் பிரதர்சினியின் தாள்கள் அச்சாகிக்கொண்டிருந்தன. அந்த அரண்மனை வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. வித்வான்கள் அர்த்தம் தெரியாத பாட்டுகளையே திரும்பத் திரும்பப் பாடுவதைப் பின்னாளில் சங்கீதம் பற்றிய கட்டுரையில் கடுமையாகச் சாடினார்; தமிழில் பாடுங்கள் என்றார். தெலுங்கு நூல் ஒன்றுக்குச் சாதகமான சாட்சியாக அவரைக் கூப்பிடுவதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் 1906இல் சுப்பராம தீட்சிதர் காலமானபோது அவருக்கு இரங்கற்பா எழுதியவர் பாரதிதான். அது அவருடைய கவிதைத் தொகுப்பில் சான்றோர் பகுதியில் இன்றும் இருக்கிறது. மரபின் மந்தத்தை வெறுத்தவருக்கு மரபில் ஒருவர் செய்த வேலையின் தரத்தை அடையாளம் காண்பதில் சிரமம் இருக்கவில்லை.

நூலின் பின்கதையில் கரிசலுக்குப் பங்கு குறைவு. சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்குப் போனார். அவரிடம் படித்தவர்களில் டி.கே. பட்டம்மாளும், பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான டி.எல். வேங்கடராம ஐயரும் உண்டு. தீட்சிதர் கீர்த்தனைகள் கச்சேரி மேடைக்குப் பரவலாக வந்தது அவர்கள் வழியாகத்தான். தமிழ் எழுத்தில் பிரதர்சினி வெளிவர 1961 ஆகிவிட்டது. சென்னை மியூசிக் அகாதெமி பி. ராஜமய்யரையும் எஸ். ராமநாதனையும் கொண்டு அதைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. முடிக்க இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. எட்டயபுரத்தில் ஈய எழுத்தும் நாலு கோப்பாளிகளுமாகச் சில ஆண்டுகளில் முடித்த வேலையை மீண்டும் ஒரு முறை தமிழில் செய்வதற்கே அவ்வளவு காலம். இந்த நூற்றாண்டில் ஆர்வலர்கள் அதை ஆங்கிலமாக்கி இணையத்தில் போட முனைந்தபோது நெளிகோட்டையும் வில்லையும் ஒதுக்கல் குறியையும் ஸ்வரத்தின் தலையில் நேராக உட்காரவைப்பதுதான் கணினியிலும் தனி வேலையாக இருந்தது. கோவில்பட்டியிலோ எட்டயபுரத்திலோ அந்தப் புத்தகத்தைப் பிரித்துவைத்து, ஒரு ராகத்தை அதில் உள்ளபடி பாடிப் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்தலாம். பாரதி மணிமண்டபம் எட்டயபுரத்தில்தான் இருக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை.